1965–66 டெக்சஸ் வெஸ்டர்ன் மைனர்ஸ் கூடைப்பந்து அணி

1965–66 டெக்சஸ் வெஸ்டர்ன் மைனர்ஸ் அணி என்பது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் எல் பாசோ நகரில் அமைந்திருந்த டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி ஆகும். இக்கல்லூரி 1967 இல் எல் பாசோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. டான் ஹாஸ்கின்ஸ் பயிற்றுவித்த இவ்வணி அப்பருவத்தில் 28 ஆட்டங்களில் வென்று ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றது. என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் சாம்பியன் பட்டத்தையும் வென்றது.

1966 மார்ச் 19 அன்று நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் இவ்வணி கென்டக்கி பல்கலைக்கழக அணியை 72–65 என்ற கணக்கில் வீழ்த்தியது. தொடக்க வீரர்கள் ஐவரும் கறுப்பினத்தவராக இருந்த ஓர் அணி என்.சி.ஏ.ஏ. இறுதி ஆட்டத்தில் வென்றது அதுவே முதல் முறை. எதிர்த்து ஆடிய கென்டக்கி அணியினர் அனைவரும் வெள்ளையர். இதனால் இவ்வாட்டம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

பின்னணி

1954 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இன ஒதுக்கல் சட்டத்துக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தது. குடிசார் உரிமைச் சட்டம் 1964 இலும் வாக்குரிமைச் சட்டம் 1965 இலும் நிறைவேறின. ஆயினும் தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விளையாட்டு அணிகள் வெள்ளையருக்கு மட்டுமே உரியனவாக நீடித்தன. கென்டக்கி, அலபாமா, மிசிசிப்பி முதலிய பல்கலைக்கழகங்கள் இடம்பெற்றிருந்த தென்கிழக்குக் கூட்டமைப்பில் 1966 வரை ஒரு கறுப்பின வீரர் கூட ஆடியதில்லை. 1963 இல் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி, கறுப்பின வீரர்களைக் கொண்ட சிகாகோ லயோலா அணியை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. மாநில ஆளுநரின் எதிர்ப்பு காரணமாக அவ்வணி மறைவாகவே மாநிலத்தை விட்டு வெளியேறி மிச்சிகனுக்குச் சென்று ஆடியது.

கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிகளிலும் எழுதப்படாத ஒரு வரம்பு இருந்தது. ஒரே நேரத்தில் களத்தில் எத்தனை கறுப்பின வீரர்கள் இருக்கலாம் என்பதே அவ்வரம்பு. சொந்த ஊரில் இருவர், வெளியூரில் மூவர், தோற்றுக்கொண்டிருந்தால் நால்வர் என்று அக்காலத்துப் பயிற்றுனரிடையே கசப்பான வேடிக்கைப் பேச்சொன்று வழங்கியது. 1963 இல் பட்டம் வென்ற லயோலா அணி நான்கு கறுப்பின வீரர்களுடன் ஆட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாம் இடம் அப்போதும் வெள்ளையருக்கே இருந்தது.

எல் பாசோ நகரம் ரியோ கிராண்டே ஆற்றின் கரையில், மெக்சிக்கோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகருக்கு எதிரே அமைந்துள்ளது. மெக்சிக்க வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் இந்நகரின் இனச்சூழல் தென் மாநிலங்களின் பிற பகுதிகளிலிருந்து வேறுபட்டது. டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி 1955 இல் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைத் திறந்தது. அடுத்த ஆண்டே பயிற்றுனர் ஜார்ஜ் மெக்கார்ட்டி, சார்லி பிரவுன் என்னும் கறுப்பின வீரரை அணியில் சேர்த்தார். 1962 இல் உணவகங்கள், தங்கும் விடுதிகள் போன்ற பொது இடங்களில் இனப் பாகுபாடு காட்டுவதை நகரமன்றம் தடை செய்தது.

பயிற்றுனர்

டான் ஹாஸ்கின்ஸ் (1930–2008) ஒக்லகோமா மாநிலத்தின் ஈனிட் நகரில் பிறந்தவர். புகழ்பெற்ற பயிற்றுனரான ஹென்றி ஐபாவிடம் ஆடிப் பயின்றவர். டெக்சஸ் மாநிலத்தின் சிற்றூர் உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்றுனராகப் பணியாற்றியபின் 1961 இல் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரிக்கு வந்தார். ஆளுக்கு ஆள் காவல் காத்து எதிரணியைத் தடுக்கும் முறையை ஐபாவிடம் கற்ற அவர் அதையே தம் அணியின் அடித்தளமாக்கினார். கடுமையான பயிற்சிக்குப் பெயர் பெற்றிருந்த அவரை "கரடி" என்னும் பட்டப்பெயரால் அழைத்தனர். ஹென்றி ஐபாவின் மகன் மோ ஐபா 1965–66 பருவத்தில் துணைப் பயிற்றுனராக இருந்தார்.

அணி வீரர்கள்

அணியில் 12 வீரர்கள் இடம்பெற்றனர். அவர்களுள் எழுவர் ஆப்பிரிக்க அமெரிக்கர், நால்வர் வெள்ளையர், ஒருவர் மெக்சிக்க அமெரிக்கர். கறுப்பின வீரர்களுள் லாட்டின் ஒருவரே டெக்சஸ் மாநிலத்தவர். மற்றவர்கள் வடக்கே உள்ள தொழில் நகரங்களிலிருந்து வந்தவர்கள். கீழுள்ள பட்டியலில், பந்தைக் கொண்டு சென்று ஆட்டத்தை நடத்தும் வெளிவட்ட வீரர் "பின்காவல்" எனவும், வளையத்தின் பக்கவாட்டில் ஆடுபவர் "முன்நிலை" எனவும், வளையத்தின் அருகில் ஆடும் உயரமான வீரர் "நடு நிலை" எனவும் குறிக்கப்படுகின்றனர்.

- பாபி ஜோ ஹில் – பின்காவல் – 5 அடி 10 அங்குலம் – டெட்ராய்ட், மிச்சிகன்
- ஓர்ஸ்டன் ஆர்ட்டிஸ் – பின்காவல் – 6 அடி 1 அங்குலம் – கேரி, இண்டியானா
- வில்லி வோர்ஸ்லி – பின்காவல் – 5 அடி 6 அங்குலம் – நியூ யார்க்
- ஹாரி ஃபுளூர்னோய் – முன்நிலை – 6 அடி 5 அங்குலம் – கேரி, இண்டியானா
- வில்லி கேஜர் – முன்நிலை – 6 அடி 5 அங்குலம் – நியூ யார்க்
- நெவில் ஷெட் – முன்நிலை, நடு நிலை – 6 அடி 8 அங்குலம் – நியூ யார்க்
- டேவிட் லாட்டின் – நடு நிலை – 6 அடி 6 அங்குலம் – ஹியூஸ்டன், டெக்சஸ்
- ஜெரி ஆம்ஸ்ட்ராங் – முன்நிலை – 6 அடி 4 அங்குலம் – ஈகிள்வில், மிசூரி
- லூயி போட்வான் – முன்நிலை – 6 அடி 7 அங்குலம் – ஆல்புகெர்க்கி, நியூ மெக்சிக்கோ
- டிக் மையர்ஸ் – முன்நிலை – 6 அடி 4 அங்குலம் – பீபாடி, கான்சஸ்
- டேவிட் பலாசியோ – பின்காவல் – 6 அடி 2 அங்குலம் – எல் பாசோ, டெக்சஸ்
- டோகோ ரெய்லி – பின்காவல் – 6 அடி – எல் பாசோ, டெக்சஸ்

பட்டியலில் முதல் ஏழு பெயர்களும் கறுப்பின வீரர்களுடையவை. அணியில் அதிகப் புள்ளிகள் பெற்றவர் ஹில். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதில் ஃபுளூர்னோய் முதலிடம் பெற்றார். கேஜருக்கு இதயக் குறைபாடு இருந்தமையால் அவரைத் தொடர்ந்து நெடுநேரம் ஆட விடவில்லை. ஆறு அடி எட்டு அங்குல உயர ஷெட்டும் ஐந்து அடி ஆறு அங்குல உயர வோர்ஸ்லியும் நியூ யார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர்கள்.

அக்கால விதிகள்

இவ்வணியின் ஆட்டக் கணக்குகளைப் புரிந்துகொள்ள அக்கால விதிகள் சிலவற்றை அறிதல் வேண்டும். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடந்தது. தொலைவிலிருந்து எறிந்து பெறும் மூன்று புள்ளிக் கூடை கல்லூரி ஆட்டத்தில் 1986–87 பருவத்தில்தான் பொதுவாக அறிமுகமானது. எனவே களத்திலிருந்து போடும் ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு புள்ளிகளே கிடைத்தன. எதிரணி இழைத்த தவறுக்காக வழங்கப்படும் தனி எறிதலுக்கு ஒரு புள்ளி. குறிப்பிட்ட நேரத்துக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதனால் பொறுமையாக ஆடிக் காவலை வலுப்படுத்தும் அணிகளுக்கு வாய்ப்பு இருந்தது. முதலாம் ஆண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட 1972 வரை அனுமதி இல்லை.

பருவ ஆட்டங்கள்

டெக்சஸ் வெஸ்டர்ன் எந்தக் கூட்டமைப்பிலும் சேராத தனி அணியாக இருந்தது. பருவத் தொடக்கத்தில் நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாக இது கருதப்படவில்லை. 1965 டிசம்பர் இறுதியில் எல் பாசோவில் நடந்த போட்டியில், தரவரிசையில் முன்னணியில் இருந்த ஐயோவா அணியை எளிதில் வென்றபோதுதான் பரவலான கவனம் கிடைத்தது.

தொடர்ந்து 23 ஆட்டங்களில் வென்ற அணி, மார்ச் 5 அன்று சியாட்டில் பல்கலைக்கழகத்திடம் 72–74 என்ற கணக்கில் தோற்றது. அதுவே அப்பருவத்தின் ஒரே தோல்வி. பருவ முடிவில் வெளியான அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் கென்டக்கி முதலிடத்தையும், டியூக் இரண்டாம் இடத்தையும், டெக்சஸ் வெஸ்டர்ன் மூன்றாம் இடத்தையும் பெற்றன.

1966 என்.சி.ஏ.ஏ. தொடர்

இத்தொடரில் 22 அணிகள் பங்கேற்றன. ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் பட்ட வாய்ப்பு பறிபோகும். டெக்சஸ் வெஸ்டர்ன் அணியின் முடிவுகள்:

- முதற் சுற்று, விச்சிட்டா: ஒக்லகோமா சிட்டி அணியை 89–74 என வென்றது
- வட்டார அரையிறுதி, லப்பக்: சின்சினாட்டி அணியைக் கூடுதல் நேரத்தில் 78–76 என வென்றது
- வட்டார இறுதி, லப்பக்: கான்சஸ் அணியை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பின் 81–80 என வென்றது
- தேசிய அரையிறுதி, காலேஜ் பார்க்: யூட்டா அணியை 85–78 என வென்றது
- இறுதி, காலேஜ் பார்க்: கென்டக்கி அணியை 72–65 என வென்றது

சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி வீரர் ஒருவரைத் தாக்க முயன்றதற்காக ஷெட் வெளியேற்றப்பட்டார். அந்நெருக்கடியில் கேஜர் கூடுதல் நேரத்தில் பெற்ற புள்ளிகள் அணியைக் காத்தன.

மறுநாள் நடந்த கான்சஸ் ஆட்டம் அத்தொடரின் மிகக் கடினமான ஆட்டமாகும். முதல் கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் கான்சஸ் வீரர் ஜோ ஜோ வைட் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. அவரது கால் எல்லைக்கோட்டை மிதித்துவிட்டதாக நடுவர் அறிவித்தமையால் அப்புள்ளிகள் கணக்கில் சேரவில்லை. இரண்டாவது கூடுதல் நேரத்தில் டெக்சஸ் வெஸ்டர்ன் ஒரு புள்ளி வேறுபாட்டில் வென்றது.

அரையிறுதியில் யூட்டா வீரர் ஜெரி சேம்பர்ஸ் 38 புள்ளிகள் குவித்தார். அவரைத் தடுக்கும் பொறுப்பு ஆம்ஸ்ட்ராங்கிடம் ஒப்படைக்கப்பட்டது; அவர் சேம்பர்ஸின் வேகத்தைக் குறைத்தபின்னரே வெற்றி உறுதியாயிற்று. இறுதி ஆட்டத்தில் ஆடாத ஒரு வெள்ளை வீரர், அவ்விறுதி ஆட்டத்தை அடைய உதவினார் என்பது பலராலும் மறக்கப்பட்ட செய்தியாகும். சேம்பர்ஸின் அணி பட்டம் வெல்லாதபோதிலும் தொடரின் சிறந்த வீரராக அவரே தேர்வு செய்யப்பட்டார்.

இறுதி ஆட்டம்

இறுதி ஆட்டம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோல் உள்ளரங்கில் நடந்தது. கென்டக்கி அணியின் பயிற்றுனர் அடால்ஃப் ரப் அதற்கு முன் 1948, 1949, 1951, 1958 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றவர். உயரம் குறைந்த வீரர்களைக் கொண்ட அவரது அணி "ரப்பின் குள்ளர்கள்" எனச் செல்லமாக அழைக்கப்பட்டது. லூயி டாம்பியர், பாட் ரைலி, லாரி கான்லி, டாமி கிரான், தாட் ஜராஸ் ஆகியோர் அதன் தொடக்க வீரர்கள். இரு அணிகளும் அதுவரை ஓர் ஆட்டத்தில் மட்டுமே தோற்றிருந்தன.

கென்டக்கியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஹாஸ்கின்ஸ் ஒரு மாற்றம் செய்தார். உயரமான ஷெட்டை வெளியே அமர்த்தி, அணியின் மிகக் குள்ளமான வீரரான வோர்ஸ்லியைத் தொடக்கத்திலேயே இறக்கினார். ஹில், ஆர்ட்டிஸ், வோர்ஸ்லி ஆகிய மூன்று பின்காவல்களும், ஃபுளூர்னோயும் லாட்டினும் களமிறங்கினர். தொடக்கத்தில் லாட்டின் பந்தை மேலிருந்து வளையத்துக்குள் பலமாகத் திணித்தார். சிறிது நேரத்தில் ஃபுளூர்னோய் முழங்காலில் காயமுற்று வெளியேற, கேஜர் உள்ளே வந்தார்.

முதற் பகுதியின் நடுவே ஆட்டத்தின் போக்கை மாற்றிய நிகழ்வு நடந்தது. கிரானிடமிருந்து பந்தைப் பறித்துக் கூடை போட்ட ஹில், அடுத்த சில நொடிகளிலேயே டாம்பியரிடமிருந்தும் பந்தைப் பறித்து மீண்டும் கூடை போட்டார். அதன்பின் டெக்சஸ் வெஸ்டர்ன் ஒருபோதும் பின்தங்கவில்லை. இடைவேளையில் 34–31 என முன்னிலை பெற்றது. இரண்டாம் பகுதியில் கென்டக்கி ஒரு புள்ளி வேறுபாடு வரை நெருங்கி வந்தும் முந்த இயலவில்லை.

டெக்சஸ் வெஸ்டர்ன் வீரர்கள் பெற்ற புள்ளிகள்: ஹில் 20, லாட்டின் 16, ஆர்ட்டிஸ் 15, வோர்ஸ்லி 8, கேஜர் 8, ஷெட் 3, ஃபுளூர்னோய் 2. கென்டக்கி சார்பில் டாம்பியரும் ரைலியும் தலா 19 புள்ளிகள் பெற்றனர். களத்திலிருந்து போட்ட கூடைகளில் கென்டக்கியே முந்தியிருந்தது (27–22). ஆனால் அதற்கு 70 முறை எறிய வேண்டியிருந்தது; டெக்சஸ் வெஸ்டர்ன் எறிந்ததோ 49 முறை. வேறுபாட்டை உண்டாக்கியவை தனி எறிதல்கள். டெக்சஸ் வெஸ்டர்ன் 34 வாய்ப்புகளில் 28 புள்ளிகளையும் கென்டக்கி 13 வாய்ப்புகளில் 11 புள்ளிகளையும் பெற்றன.

இவ்வெண்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. கறுப்பின வீரர்கள் திறமை மிக்கவரேனும் கட்டுப்பாடு அற்றவர்கள், நெருக்கடியில் நிலைகுலைவார்கள், அவர்களை வழிநடத்தக் களத்தில் ஒரு வெள்ளையராவது வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் பரவியிருந்தது. டெக்சஸ் வெஸ்டர்ன் வென்றதோ பொறுமையான ஆட்டத்தாலும் உறுதியான காவலாலும் பதறாத தனி எறிதல்களாலும் ஆகும்.

தொடக்க வீரர் தேர்வு பற்றிய கருத்துகள்

இறுதி ஆட்டத்தில் கறுப்பின வீரர்கள் எழுவரை மட்டுமே ஹாஸ்கின்ஸ் பயன்படுத்தினார். இது ஓர் அறைகூவலாகத் திட்டமிடப்பட்டதா என்ற வினா பின்னர் பலமுறை எழுந்தது. தம்மிடமிருந்த சிறந்த வீரர்களையே இறக்கியதாகவும், வரலாறு படைக்கும் எண்ணம் தமக்கு இருக்கவில்லை எனவும் ஹாஸ்கின்ஸ் தொடர்ந்து கூறிவந்தார். அப்பருவத்தின் முந்தைய ஆட்டங்களிலும் ஐந்து கறுப்பின வீரர்கள் தொடக்கத்தில் ஆடியிருந்தமை அவர் கூற்றுக்கு வலுச் சேர்க்கிறது. திறமையை மட்டும் பார்த்து வீரரைத் தேர்ந்தெடுத்த ஓர் இயல்பான செயலே வரலாற்று நிகழ்வாகும் அளவுக்கு அக்கால விளையாட்டுலகம் மூடப்பட்டிருந்தது எனலாம்.

எதிர்வினைகள்

எல் பாசோவில் அணிக்குப் பெரும் வரவேற்பு கிடைத்தது. மறுபுறம், ஹாஸ்கின்ஸுக்கு வெறுப்புக் கடிதங்கள் ஏராளமாக வந்தன. கறுப்பின மாணவர்களைத் தம் புகழுக்காகப் பயன்படுத்திக்கொண்டார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

1968 இல் ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட் இதழ் கறுப்பின விளையாட்டு வீரர்களின் நிலை குறித்து ஜாக் ஆல்சன் எழுதிய கட்டுரைத் தொடரை வெளியிட்டது. களத்தில் பயன்படுத்தப்பட்ட வீரர்கள் படிப்பிலும் அன்றாட வாழ்விலும் கைவிடப்பட்டனர் என அதில் இப்பல்கலைக்கழகம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. எழுத்தாளர் ஜேம்ஸ் மிச்னர் 1976 இல் வெளியிட்ட நூலிலும் இவ்விமர்சனம் இடம்பெற்றது. வீரர்கள் பலர் இச்சித்திரிப்பை மறுத்தனர். பலர் பட்டமும் பெற்றனர். எனினும் விமர்சனம் முற்றிலும் அடிப்படையற்றது அன்று. 1968 இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான தடகளப் போட்டியைப் புறக்கணித்த கறுப்பின மாணவர்கள் இங்கே உதவித்தொகையை இழந்தனர். அவர்களுள் ஒருவரான பாப் பீமன் அதே ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார்.

தாக்கம்

தென் மாநிலக் கல்லூரிகளில் மாற்றம் இவ்வாட்டத்துக்குச் சற்று முன்பே தொடங்கியிருந்தது. மேரிலாந்தில் பில்லி ஜோன்ஸும் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் காஷும் 1965 ஆம் ஆண்டளவிலேயே தத்தம் கூட்டமைப்புகளின் முதல் கறுப்பின வீரர்களாகச் சேர்ந்திருந்தனர். ஆகவே ஒரே ஆட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது எனக் கூறுவது மிகையாகும். ஆனால் வெல்ல விரும்பும் கல்லூரி இனி இனத்தைப் பார்த்து வீரரை ஒதுக்க முடியாது என்பதை இவ்வாட்டம் நாடறியச் செய்தது.

1966 இல் பெரி வாலஸ் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1967–68 பருவத்தில் அவர் தென்கிழக்குக் கூட்டமைப்பின் முதன்மை ஆட்டங்களில் ஆடிய முதல் கறுப்பினக் கூடைப்பந்து வீரரானார். கென்டக்கி 1969 இல் டாம் பெய்னைச் சேர்த்தது. 1970களின் தொடக்கத்தில் அக்கூட்டமைப்பின் எல்லா அணிகளிலும் கறுப்பின வீரர்கள் இடம்பெற்றனர். 1998 இல் கென்டக்கி பட்டம் வென்றபோது அதன் தலைமைப் பயிற்றுனராக இருந்தவர் டபி ஸ்மித் என்னும் கறுப்பினத்தவர்.

வீரர்களின் பிற்கால வாழ்க்கை

லாட்டின் 1967 இல் சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டு என்.பி.ஏ.வில் ஆடினார். அவரது பேரன் காதீம் லாட்டின் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016 இல், ஒக்லகோமா அணிக்காகத் தேசிய அரையிறுதியில் ஆடினார். ஆர்ட்டிஸ் தம் சொந்த ஊரான கேரியில் காவல்துறையில் பணியாற்றினார். ஹில் எல் பாசோவிலேயே எரிவாயு நிறுவனமொன்றில் பணிபுரிந்தார். ஹில் 2002 இலும் ஃபுளூர்னோய் 2016 இலும் ஆர்ட்டிஸ் 2017 இலும் கேஜர் 2023 இலும் காலமாயினர். எதிரணியில் ஆடிய ரைலி பின்னாளில் என்.பி.ஏ. பயிற்றுனராகப் பெரும் புகழ் பெற்றார்.

கல்லூரியின் தொடர் வரலாறு

இக்கல்லூரி 1963 இல் முதன்முறையாக என்.சி.ஏ.ஏ. தொடருக்குத் தகுதி பெற்றது. 1964 இல் மீண்டும் தகுதி பெற்று, கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 60–64 எனத் தோற்றது. அவ்வணியின் ஜிம் பார்ன்ஸ் அதே ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் முதல் வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1966 பட்டத்துக்குப் பின் 1967, 1970, 1975 ஆகிய ஆண்டுகளிலும், 1984 முதல் 1990 வரை தொடர்ச்சியாக ஏழு ஆண்டுகளும் தகுதி பெற்றது. 1992 இல் முன்னணியில் இருந்த கான்சஸ் அணியை 66–60 என வென்று, சின்சினாட்டியிடம் இரு புள்ளிகளில் தோற்றது. பின்னர் 2004, 2005, 2010 ஆகிய ஆண்டுகளில் தகுதி பெற்றது. 1963 முதல் 2010 வரை மொத்தம் 17 முறை இத்தொடரில் ஆடியுள்ளது. 1966 இல் வென்றதே இதன் ஒரே பட்டமாகும். 2021 இல் பெய்லர் பல்கலைக்கழகம் வெல்லும் வரை டெக்சஸ் மாநிலத்திலிருந்து ஆண்கள் பிரிவில் இப்பட்டத்தை வென்ற ஒரே கல்லூரியாக இது விளங்கியது.

நேட் ஆர்ச்சிபால்டு, டிம் ஹார்டவே ஆகிய புகழ்பெற்ற வீரர்கள் ஹாஸ்கின்ஸிடம் பயின்றவர்கள். அவரிடம் ஆடிய நோலன் ரிச்சர்ட்சன் 1994 இல் ஆர்கன்சா அணியின் பயிற்றுனராக இதே பட்டத்தை வென்றார்.

சிறப்புகள்

ஹாஸ்கின்ஸ் 1999 இல் ஓய்வு பெற்றபோது 719 வெற்றிகளைப் பெற்றிருந்தார். 1997 இல் நைஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 1966 அணி முழுவதும் 2007 இல் அதே மன்றத்தில் இடம்பெற்றது. பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவ்வணியின் கதை 2006 இல் "குளோரி ரோடு" என்னும் திரைப்படமாக வெளிவந்தது. ஜோஷ் லூகாஸ் ஹாஸ்கின்ஸாக நடித்தார். திரைப்படம் நிகழ்வுகள் சிலவற்றை மாற்றிக் காட்டுகிறது. ஹாஸ்கின்ஸ் தம் முதற் பருவத்திலேயே பட்டம் வென்றதாக அதில் வருகிறது. உண்மையில் அது அவரது ஐந்தாவது பருவம். கறுப்பின வீரர்கள் 1956 முதலே இக்கல்லூரியில் ஆடிவந்தனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.